செஞ்சோறும் கூலியும்

கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்குப் பொன் வெறும் அணிகலன் அன்று. ஏலக்காய் விலை ஏறிய ஆண்டில் ஒரு சவரன், திராட்சை நன்கு காய்த்த பருவத்தில் ஒரு சோடிக் கம்மல் என்று உழைப்பின் மிச்சத்தையெல்லாம் பொன்னாக்கிச் சேர்த்து வைப்பது நம் குடும்பங்களின் பழைய வழக்கம். முன்பு ஊர்ப் பத்தரிடம் சொல்லி வைத்து, அவர் பட்டறை வாசலில் காத்திருந்து நகை வாங்கினோம். இன்று தேனி நகரின் சாலைகளில் கண்ணாடிச் சுவர்களும் குளிரூட்டிய தளங்களும் கொண்ட பெரிய நகைக்கடைகள் எழுந்து நிற்கின்றன. அங்கே நகை வாங்கப் போகிறவர்கள் நம் மக்கள். கண்ணாடிப் பேழைக்கு அப்பால் சீருடை அணிந்து, புன்னகையோடு நகையை எடுத்துக் காட்டுகிறவர்களும் நம் மக்களே. சின்னமனூரிலிருந்தும் உத்தமபாளையத்திலிருந்தும் போடியிலிருந்தும் காலைப் பேருந்தில் வந்து, இரவுப் பேருந்தில் வீடு திரும்பும் நம் பிள்ளைகள்.

அந்தப் பிள்ளைகளிடையே மனக்குறை மிகுந்திருக்கிறது. சம்பளம் போதவில்லை, மேலாளர்கள் மதிப்பதில்லை, கடையின் நடைமுறையே மனத்தைக் கசக்கிப் பிழிகிறது என்று அவர்கள் சொல்கிறார்கள். இதைக் கேட்கும் உரிமையாளர்களும், சில வேளைகளில் பெற்றோரும்கூட, ஒரே மறுமொழியைத்தான் தருகிறார்கள்: “வேலை கொடுத்துச் சோறு போட்டவர்களைக் குறை சொல்லலாமா? உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டாமா?”

இந்த மறுமொழிக்குள் ஓர் அறவியல் கேள்வி மறைந்திருக்கிறது. ஊதியம் என்பது கொடையா, கடனா? கொடையெனில் பெறுபவர் நன்றியோடு அமைதி காக்க வேண்டும். கடனெனில் குறைவாகத் தரப்பட்டதைக் கேட்பது நன்றிகேடு ஆகாது. இக்கேள்விக்கு நாம் தரும் விடையைப் பொறுத்தே அப்பிள்ளைகளின் முறையீட்டை எந்தச் செவியால் கேட்கப்போகிறோம் என்பது அமையும்.

குறைகள் எவை?

முதலில் குறைகளைப் பொறுமையோடு கேட்போம். பெரிய கடைகள் பலவற்றில் சம்பளம் இரு பகுதியாக இருக்கிறது. நிலையான பகுதி சிறியது. மற்றது விற்பனை இலக்கைத் தொட்டால் மட்டுமே கிடைக்கும் ஊக்கத்தொகை. நகைச்சீட்டில் மாதந்தோறும் இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்பதும் இலக்கில் அடங்கும். பொன் விலை ஏறும்போது வாங்குவோர் தயங்குகிறார்கள். இலக்கு மட்டும் இறங்குவதில்லை. 2025 சனவரியில் சவரன் 60,000 ரூபாயைத் தாண்டியது. அவ்வாண்டு முடியுமுன் இலட்சத்தைத் தொட்டது. அந்த ஏற்றத்தை ஒவ்வொரு நாளும் விலைப்பலகையில் எழுதிய கைகளின் ஊதியம் அதே ஆண்டில் எவ்வளவு ஏறியது என்று எத்தனை பேர் கேட்டிருப்போம்?

அடுத்தது உடலின் துன்பம். காலை கடை திறந்தது முதல் இரவு கணக்கு முடியும் வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் அமர்ந்தால் சோம்பேறி என்ற பெயர் வரும். இரவில் தட்டுத் தட்டாக நகைகளை எண்ணி, எடை போட்டு, ஏட்டோடு ஒப்பிட்டுப் பூட்டிய பிறகே வெளியேற முடியும். அட்சய திருதியை நாளிலும் முகூர்த்த மாதங்களிலும் நேரம் இன்னும் நீளும். கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட மகளுக்காகப் பேருந்து நிலையத்தில் காத்துக் கிடக்கும் தந்தையரை நாம் அறிவோம்.

மூன்றாவது, உள்ளத்தின் துன்பம். ஒரு சிறு மூக்குத்தி காணாமற் போனால் அந்தப் பிரிவில் நின்ற அனைவர் சம்பளத்திலும் பிடித்தம் செய்யும் வழக்கம் சில இடங்களில் உண்டு. வெளியேறும்போது பை சோதனை, உடல் சோதனை. வேலையில் சேரும்போது மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, விலக விரும்பும்போது திருப்பித் தராமல் இழுத்தடிப்பதும் உண்டு. பலர் முன்னிலையில் மேற்பார்வையாளர் திட்டுவார்; மறுநொடி வாடிக்கையாளரை நோக்கிப் புன்னகைக்க வேண்டும். கம்பம் வட்டாரத்துத் தாய் ஒருவர் தம் மகளைப் பற்றி நம்மிடம் இவ்வாறு சொன்னார்: “சாமி, தோட்டத்துல குனிஞ்சு குனிஞ்சு எனக்கு இடுப்பு வலி. அவளுக்கு நின்னு நின்னு கால் வலி. ஆனா நான் தோட்டத்துல அழுதா யாரும் கேக்கமாட்டாங்க. அவ அங்க அழக்கூடக் கூடாது.”

செஞ்சோற்றின் தளை

செஞ்சோற்றுக் கடன் என்பது தமிழர் பண்பாட்டில் வேரோடிய உயர்ந்த உணர்வு. அதை நாம் எள்ளி நகையாடக் கூடாது. ஆனால் அந்த உணர்வு எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்கும் நம் மரபே சான்று வைத்திருக்கிறது. துரியோதனன் இட்ட சோற்றுக்குக் கட்டுப்பட்ட கர்ணன், நியாயம் எப்பக்கம் என்று அறிந்திருந்தும் மறுபக்கம் நின்று மடிந்தான். அவன் நன்றியை வியக்காதவர் இல்லை. அந்த நன்றி அவன் மனச்சான்றை விலைக்கு வாங்கிவிட்டதை எண்ணி வருந்தாதவரும் இல்லை.

நகைக்கடையிலும் இதே இடர் உண்டு. செய்கூலியையும் சேதாரத்தையும் வாடிக்கையாளர் தெளிவாக அறியாதவாறு பேசி விற்கச் சொன்னால், நகைச்சீட்டின் நிபந்தனைகளை முழுமையாகச் சொல்லாதே என்று கட்டளையிட்டால், அந்தப் பெண் என்ன செய்வாள்? “சோறு போட்ட கடை” என்ற ஒரே எண்ணம் அவள் நாவைக் கட்டிவிடும். எதிரே அமர்ந்திருப்பது அவளுடைய சொந்த ஊர்க்காரராகவே இருக்கலாம். ஊதியத்தைக் கொடையாகக் கருதும் மனம், காலப்போக்கில் தன் மனச்சான்றையும் சேர்த்தே விற்கும் நிலைக்கு ஆளாகிறது. ஊதியத்தைத் தன் உழைப்பின் உரிமையாகக் கருதுகிறவரோ, நேர்மையாக உழைக்கவும் நேர்மையற்றதை மறுக்கவும் கால்கொள்ள இடம் பெறுகிறார்.

திருமறையின் நிலைப்பாடு இதில் ஐயத்துக்கு இடமற்றது. வேலை செய்கிறவருக்குத் தரப்படும் கூலி அருளாகத் தரப்படுவதன்று, அவருக்கு உரியதாகவே தரப்படுகிறது என்பதைப் புனித பவுல் உரோமையருக்கு எழுதும்போது யாவரும் ஏற்ற உண்மையாகவே எடுத்தாள்கிறார். இறைவனின் அருள் இலவசமானது என்று காட்டுவதற்காக, இலவசம் ஆகாத ஒன்றாக அவர் சுட்டுவது கூலியைத்தான். ஏழைக் கூலியாளுக்குக் கதிரவன் மறையுமுன் கூலி கொடுத்துவிட வேண்டும் என்கிறது இணைச்சட்ட நூல். பிடித்து வைக்கப்பட்ட கூலி தானே வாய் திறந்து கூக்குரலிடுவதாகவும், அந்தக் குரல் ஆண்டவரின் செவியை எட்டுவதாகவும் புனித யாக்கோபு எச்சரிக்கிறார். நம் பள்ளத்தாக்கில் நம்மோடு வாழும் இசுலாமிய உடன்பிறப்புகள் போற்றும் நபிமொழியும் உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைத் தரச் சொல்கிறது. நன்றியுணர்வு நல்லதே, ஆனால் உரியதை முழுமையாகக் கொடுத்து முடித்த பிறகுதான் அதற்கு மேல் தந்ததற்கு நன்றியை எதிர்பார்க்க முடியும்.

திராட்சைத் தோட்டத்து உரிமையாளர்

“என் கடை, என் பணம், நான் விரும்பியபடி கொடுக்கிறேன்” என்று சொல்லும் உரிமையாளர் சிலர், மத்தேயு நற்செய்தியில் வரும் திராட்சைத் தோட்ட உவமையைத் தமக்குத் துணையாக அழைப்பதுண்டு. இராயப்பன்பட்டியிலும் ஆனைமலையன்பட்டியிலும் சுருளிப்பட்டியிலும் பந்தல் பந்தலாகத் திராட்சை காண்கிற நாம் இவ்வுவமையை மற்றவர்களை விட நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கம்பம் பன்னீர்த் திராட்சையைத் தமிழகத்துக்கு 1832-இல் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சு குரு என்று சொல்லப்படுகிறது. திராட்சையும் நற்செய்தியும் நமக்கு அந்த அளவுக்கு நெருக்கமானவை.

உவமையைச் சற்று நிதானமாக வாசியுங்கள். அந்த உரிமையாளர் காலையில் வந்தவர்களோடு ஒரு நாள் கூலியைப் பேசி முடிக்கிறார். அதில் ஒரு காசும் குறைக்கவில்லை. மாலையானதும் கொடுத்துவிடச் சொல்கிறார், மறுநாளுக்குத் தள்ளவில்லை. வேலையின்றிச் சந்தையில் நிற்பவர்களைத் தாமே நான்கு முறை தேடிப் போகிறார். கடைசியில் வந்தவருக்கும் ஒரு நாள் வயிற்றுப்பாட்டுக்கு ஆவதைக் கொடுக்கிறார். ‘என் பொருளை என் விருப்பப்படி கொடுக்கிறேன்’ என்னும் அவருடைய சுதந்திரம், நீதிக்கு மேலே நின்று தாராளம் காட்டுகிற சுதந்திரம். நீதிக்குக் கீழே இறங்கிக் குறைத்துக் கொடுக்கும் சுதந்திரத்தை அவர் கோரவே இல்லை. பேசிய கூலியில் பிடித்தம் செய்பவர் அந்த உவமையின் நிழலில் ஒதுங்க முடியாது.

இன்னொன்றையும் கவனிப்போம். அங்கே முணுமுணுத்தவர்கள் தமக்குக் குறைந்தது என்பதற்காக முணுமுணுக்கவில்லை. பிறருக்குக் கிடைத்தது என்பதற்காக முணுமுணுத்தார்கள். அதுவே கடிந்துகொள்ளப்பட்டது. எகிப்தில் செங்கல் அறுத்தவர்களின் கூக்குரலோ கண்டிக்கப்படவில்லை; இறைவன் அதைக் கேட்டு இறங்கி வந்தார். ஆகவே எல்லா முறையீட்டையும் ‘முணுமுணுப்பு’ என்ற ஒரே மூட்டையில் கட்டுவது தவறு. பொறாமையின் குரல் வேறு. உரியதைக் கேட்கும் குரல் வேறு.

“சேரும்போது ஒப்புக்கொண்டார்களே”

“சம்பளம் இவ்வளவு என்று தெரிந்துதானே சேர்ந்தார்கள்?” என்ற வாதம் வலுவுள்ளதாகத் தோன்றும். நம் முன்னோர் சிங்கராயர் என்று அழைத்த திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ, 1891 மே 15-இல் வெளியிட்ட ‘ரேரும் நொவாரும்’ சுற்றுமடலில் இதற்கு விடை கூறிவிட்டார். இருவரும் மனமொத்துப் பேசிய கூலியாயினும், அந்த ஒப்பந்தத்துக்கும் மேலான இயற்கை நீதி ஒன்று உண்டு. சிக்கனமாக வாழும் தொழிலாளி தன் வாழ்க்கையை நடத்த அக்கூலி போதியதாக இருக்க வேண்டும். வேறு வழியின்றி, இதைவிடக் கேடு வந்துவிடுமோ என்று அஞ்சி ஒருவர் ஏற்றுக்கொண்ட நிபந்தனை வன்முறைக்கு ஒப்பானது என்பது அவரது போதனை. 1981-இல் புனித இரண்டாம் யோவான் பவுல் ‘லபோரெம் எக்செர்சென்ஸ்’ மடலில், ஒரு சமூக அமைப்பு முழுவதும் நீதியானதா என்று சோதித்தறியும் உரைகல்லாக நியாயமான ஊதியத்தையே வைத்தார். 2025 மே மாதம் பொறுப்பேற்ற பதினான்காம் லியோ, தொழிலாளர் கேள்வியை எதிர்கொண்ட அந்தப் பழைய லியோவை நினைந்தே தாம் அப்பெயரைத் தேர்ந்ததாகக் கூறினார். பொன்னுக்கு உரைகல் இருப்பதுபோல் கடைக்கும் ஓர் உரைகல் இருக்கிறது என்பதை நகை வணிகர்கள் எளிதில் விளங்கிக்கொள்வார்கள்.

உரியதைக் கேட்ட குரல்கள் வீண் போகவில்லை என்பதற்கும் சான்றுகள் உண்டு. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் கடைகளில் வேலை செய்த பெண்கள், தையல் தொழிலாளியான பி. விஜியின் தலைமையில் ‘பெண்கூட்டு’ என்னும் அமைப்பாகத் திரண்டு, முதலில் கழிப்பறை வசதியையும் பின்னர் அமரும் உரிமையையும் கேட்டார்கள். கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் நம் தமிழகச் சட்டப்பேரவையும் 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலையின் இடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அமர ஊழியர் அனைவருக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்று விதித்தது. ஒரு மனிதர் உட்காருவதற்குச் சட்டமன்றம் கூட வேண்டியிருந்தது என்பது நம் அனைவரையும் தலைகுனிய வைக்க வேண்டிய செய்தி.

கடல் கடந்த ஒரு சான்று நகைக்கடையைப் பற்றியதே. அமெரிக்காவின் பெரிய நகை விற்பனை நிறுவனங்களில் ஒன்றான ஸ்டெர்லிங் ஜுவல்லர்சுக்கு எதிராக 2008-இல் பெண் ஊழியர்கள் வழக்குத் தொடுத்தார்கள். ஒரே வேலைக்கு ஆண்களைவிடக் குறைந்த ஊதியம், பதவி உயர்வில் பாகுபாடு என்பன குற்றச்சாட்டுகள். நிறுவனம் அவற்றை மறுத்து வந்தது. ஏறத்தாழ 68,000 பெண்களைச் சார்ந்ததாக வளர்ந்த அவ்வழக்கு, பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் 2022-இல், 17.5 கோடி டாலர் தர நிறுவனம் இணங்கியதோடு முடிவுக்கு வந்தது. செல்வம் கொழிக்கும் நாட்டிலும் நகையின் ஒளிக்குப் பின்னே இத்தகைய நிழல் விழுகிறது.

நம்பிக்கையை விற்கும் இடம்

உரிமையாளர்களின் பக்கத்தையும் நாம் சொல்லியாக வேண்டும். பொன் கைக்குள் அடங்கும் பொருள். ஒரு நொடி அயர்ந்தால் பல இலட்சம் போய்விடும். எண்ணுவதும் எடைபோடுவதும் கண்காணிப்பதும் தேவையே. பெருநிறுவனங்களின் போட்டியில் சிறு கடைக்காரர்கள் மூச்சுத் திணறுவதும் உண்மை. தம் ஊழியரின் வீட்டுத் திருமணத்தைத் தம் வீட்டுத் திருமணமாக நடத்திய முதலாளிகளும் நம்மிடையே உள்ளனர்.

ஆயினும் எச்சரிக்கை வேறு, இழிவுபடுத்தல் வேறு. எல்லாருக்கும், மேலாளருக்கும் உட்பட, ஒரே விதமாக, தனியிடத்தில், பெண்களைப் பெண்களே சோதிப்பது எச்சரிக்கை. ஊழியரை மட்டும் வரிசையில் நிறுத்தித் திருடரைப்போல் தடவிப் பார்ப்பது இழிவு. ஒருவர் தவறியதற்கு அனைவர் ஊதியத்திலும் கை வைப்பது குற்றமற்றவரைத் தண்டிப்பதாகும். எந்த அறநூலும் இதை ஏற்காது. நாட்டின் சட்டமும் ஏற்கவில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத்தொகுப்பின்படி, பொருள் இழப்புக்காகப் பிடித்தம் செய்ய வேண்டுமானால், அப்பொருள் அந்த ஊழியரிடமே ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். இழப்பு அவரது கவனக்குறைவால் நேர்ந்திருக்க வேண்டும். அவர் தரப்பைக் கேட்ட பிறகே பிடிக்க வேண்டும். அபராதமோ ஊதியத்தில் நூற்றுக்கு மூன்றைத் தாண்டலாகாது. வேலையை விட்டு விலகுபவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதியத்தைத் தீர்க்க வேண்டும். கூடுதல் நேரத்துக்கு இரட்டை ஊதியம் உண்டு. இவற்றை நம் இளைஞர் அறிந்திருக்கிறார்களா?

நகைக்கடை உண்மையில் விற்பது நம்பிக்கையைத்தான். தங்கத்தின் மாற்றை நம் கண்ணால் அறிய முடியாது. 2021 சூனில் கட்டாயமாகத் தொடங்கிய ஹால்மார்க் முத்திரையும், 2023 ஏப்ரல் முதல் ஒவ்வொரு நகைக்கும் வேண்டிய ஆறெழுத்து அடையாள எண்ணும் அந்த நம்பிக்கைக்கு அரசு இட்ட வேலிகள். ஆயினும் முத்திரையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் காட்டி, “பார்த்துக்கோங்கம்மா” என்று சொல்லும் பெண்ணின் முகத்தைப் பார்த்தே நாம் நம்புகிறோம். பகல் முழுதும் கடையின் நம்பிக்கையைத் தன் முகத்தில் சுமப்பவரை, இரவில் வாசலில் நிறுத்தி நம்ப மறுப்பது எத்தகைய முரண்! மதிக்கப்படாதவரிடம் நேர்மையை வற்புறுத்தலாம். அதை வளர்க்க முடியாது. ஊழியரின் மனக்குறை வணிகத்துக்குக் கேடு என்பதற்காக இதை நாம் சொல்லவில்லை. நம்பத்தக்கவர் என்று மதிக்கப்படுவது மனிதருக்குரிய மாண்பு என்பதற்காகச் சொல்கிறோம்.

நம் பங்கு

இது முதலாளி, தொழிலாளி ஆகிய இருவரின் வழக்கு மட்டும் என்று நாம் ஒதுங்கிக்கொள்ள இயலாது. நாம் வாடிக்கையாளர்கள். இருபது ஆரங்களை எடுத்துப் போடச் சொல்லி, ஒன்றும் வாங்காமல், நன்றியும் சொல்லாமல் எழுந்து போகிறவர்கள் நாமே. கடை அடைக்கும் நேரத்தில் உள்ளே நுழைந்து அவர்களின் கடைசிப் பேருந்தைப் போக்குகிறவர்களும் நாமே. சேதாரத்தில் அரை விழுக்காட்டுக்காக அரைமணி நேரம் பேசுகிறோம்; நின்றிருப்பவருக்கு இருக்கை உண்டா என்று ஒரு சொல் கேட்பதில்லை. கேட்டுப் பாருங்கள். வாங்குபவரின் ஒரு கேள்விக்கு, ஊழியரின் நூறு விண்ணப்பங்களுக்கு இல்லாத வலிமை உண்டு.

நாம் பெற்றோர்கள். மகள் வேலைக்குச் சேரும் நாளில் பணிநியமனக் கடிதம் கேளுங்கள்; மூலச் சான்றிதழைக் கொடுக்காமல் நகலைக் கொடுங்கள்; நிலையான சம்பளம் எவ்வளவு, வேலை நேரம் எவ்வளவு, வார விடுமுறை எந்நாள் என்று எழுத்தில் வாங்குங்கள். அவள் குறை சொல்லும்போது “பொறுத்துப் போ” என்பதற்கு முன், “என்ன நடந்தது?” என்று கேளுங்கள். பிள்ளைகளே, நீங்களும் தனித்தனியாகப் புலம்புவதை விடுத்து, ஒன்றுகூடி, அமைதியாக, எழுத்தில் கேளுங்கள். சங்கமாகச் சேரும் உரிமையைத் திருச்சபை 1891 முதலே ஏற்றுப் போற்றி வருகிறது.

திருச்சபையின் நிறுவனங்களும் இந்த உரைகல்லுக்கு விலக்கல்ல. நீதியைப் பற்றிப் பிறருக்குப் போதிக்கத் துணிகிறவர் முதலில் மக்கள் கண்ணுக்கு நீதியுள்ளவராக இருக்க வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டு ஆயர் மாமன்றம் அறிவுறுத்தியது. கோயில்பிள்ளையும், உபதேசியாரும், விடுதிச் சமையற்காரரும், நம் பள்ளிகளின் ஆசிரியரும் பெறுவது ‘இறைபணிக்கான காணிக்கை’ என்று சொல்லிக் குறைக்கத்தக்கதன்று. அதுவும் கூலியே, அதுவும் கடனே.

உரிமையாளர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறோம். உங்கள் மேசை மேலிருக்கும் தராசு மில்லிகிராமையும் விடாது. ஒருவரின் பொன்னில் அரிசிமணி அளவு குறைந்தாலும் அது களவு என்று நீங்களே அறிவீர்கள். உங்கள் கடையில் நின்றவரின் ஒரு மணி நேர உழைப்பையும் அதே கண்ணோடு எடை போடுங்கள். அவருக்குரியதைக் குறையாமல், நாள் கடத்தாமல் கொடுங்கள். அமர ஓர் இருக்கையும் மரியாதையான ஒரு சொல்லும் கொடுங்கள். அதன் பிறகு உங்கள் உள்ளம் தூண்டினால் பண்டிகைக்குப் புத்தாடையும் பிள்ளைகள் படிப்புக்கு உதவியும் தாருங்கள். அப்போது அவர்கள் காட்டும் நன்றியை நீங்கள் கேட்டுப் பெற வேண்டியிராது.